சுவரைக் காப்பாற்றிவிட்டோம், குடியிருந்தவர்கள் எங்கே? (புரூக்ளின் விவாதம்)

செம்மண்வீடு:
போன ஞாயிறு நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில், வில்லியம்ஸ்பர்க் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அங்கே டோமினோ சர்க்கரை ஆலை இருக்கிறதே, 1882-இல் கட்டியது, அதன் செங்கல் சுவர்களை மட்டும் நிற்கவைத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, புதுக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். 2023-இல் திறந்தார்கள், இப்போது அலுவலகம். கிட்டே போய்ப் பார்த்தால் பழைய சன்னல்கள் வெறும் ஓட்டைகள்தான், கதவும் இல்லை கண்ணாடியும் இல்லை. சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே சந்து மாதிரி ஓர் இடைவெளி, அதில் செடிகொடி. இதே ஆலையில் 1999-இல் தொடங்கி 20 மாதம் வேலைநிறுத்தம் செய்து தோற்ற தொழிலாளர்கள் இருந்தார்கள். 2004-இல் ஆலையை மூடினார்கள். அடுத்த ஆண்டே மாநகராட்சி அந்தப் பகுதியின் கரையோரத் தொழிற்சாலை நிலங்களில் அடுக்குமாடி கட்டலாம் என்று விதியை மாற்றியது.

அங்கிருந்து புரூக்ளினிலேயே உள்ள பெட்ஃபோர்ட் ஸ்டைவசண்ட் பேட்டைக்குப் போனேன். வரிசை வரிசையாக பிரவுன்ஸ்டோன் என்கிற பழுப்புக் கல் முகப்பு வீடுகள், வாசலுக்கு ஏறும் உயரமான படிக்கட்டு, படியில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் தெரு. என் கட்சி சுருக்கமானது: பழைய தெருக்கள் மொத்தத்தையும் வரலாற்றுப் பகுதி (அனுமதியில்லாமல் இடிக்கவோ முகப்பை மாற்றவோ முடியாத பகுதி) என்று அறிவித்து, கண்ணாடிக் கோபுரங்களை உள்ளே விடாமல் இருந்தால் பேட்டைகள் பிழைக்கும். யாருக்காவது மறுப்பு உண்டா?

கணக்கன்:
எனக்கு உண்டு. நீங்கள் சொன்னதை அப்படியே செய்து பார்த்த இடம் ஒன்று இருக்கிறது: மன்ஹாட்டனில் கிரீனிச் வில்லேஜ். 1969-இல் 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களோடு வரலாற்றுப் பகுதி ஆனது. கோபுரம் வரவில்லை, படிக்கட்டு போகவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் அவர் கணவரும் அங்கே ஹட்சன் தெருவில் 555-ஆம் எண் வீட்டை 1947-இல் 7,000 டாலருக்கு வாங்கினார்கள், அப்போது கீழே கடை, சுமாரான இடம். அதே வீடு 2009-இல் விற்றபோது 30 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த அம்மையார் யாருடைய தெருவைக் காப்பாற்ற நகரத்தில் பழையதை இடித்துச் சாலை போட்ட அதிகாரி ராபர்ட் மோசஸோடு மல்லுக்கு நின்றாரோ அந்த மாதிரி ஆட்கள் இன்று அங்கே ஓர் அறைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. புதிதாக எதுவும் கட்டவிடாமல் பூட்டிவிட்டு, எல்லோரும் ஆசைப்படும் இடமாகவும் வைத்திருந்தால் விலை எங்கே போகும்? மேலேதான்.

செம்மண்வீடு:
எதிர்பார்த்த பதில்தான். 1963-இல் பென் ஸ்டேஷன் என்ற பழைய பெரிய ரயில் நிலையத்தை இடித்தபோதும் இப்படித்தான் கணக்கு சொன்னார்கள், பழையது லாபமில்லை என்று. அந்த வயிற்றெரிச்சலில்தான் 1965-இல் நினைவுச்சின்னச் சட்டமே வந்தது. எல்லாவற்றையும் விலைப்பட்டியலாகப் பார்த்தால் நகரம் என்று ஒன்று மிஞ்சாது.

சாந்துக்கரண்டி:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொத்துவேலைக்காரன் பேசலாமா? முகப்புப் பழுது பார்ப்பது என் பிழைப்பு, 11 வருடமாகச் சாரத்தின் மேல்தான் நிற்கிறேன்.

செம்மண்வீடு அண்ணே, நீங்கள் ரசித்த பிரவுன்ஸ்டோன் கல் வீடு இல்லை. அது செங்கல் வீடு, முன்பக்கம் மட்டும் சில அங்குலக் கல் போர்வை. கனெக்டிகட்டில் போர்ட்லாண்ட் என்ற ஊர்க் குவாரியிலிருந்து நிறைய வந்தது, மென்மையான மணற்கல். மண் படிந்த அடுக்கு கிடைமட்டமாக இருக்கும்படி வைத்திருந்தால் நிற்கும். சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்று அடுக்கு செங்குத்தாக வரும்படி நிறுத்திவைத்தார்கள். தண்ணீர் உள்ளே போகும், பனிக்காலத்தில் உறையும், அப்பளம் மாதிரி தோல் தோலாக உரியும். நாங்கள் என்ன செய்கிறோம்? உரிந்த கல்லைக் கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுத்துவிட்டு, முதல் பூச்சைக் கீறிவிட்டுக் காயவைத்து, மேலே கல்தூளும் நிறமும் சேர்த்த சாந்தைப் பூசுகிறோம். நீங்கள் தடவிப் பார்த்து நெகிழ்ந்த படிக்கட்டு அநேகமாக என்னை மாதிரி ஒருவன் பூசியதாக இருக்கும்.

இதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இந்த வீடுகளை ஒரே அச்சில் வரிசையாகக் கட்டி விற்றவர்களும் பில்டர்கள்தான். ஒரே பழுப்பு, ஒரே மாதிரி, கண் அலுத்துப்போகிறது என்று அன்றைக்கே திட்டினார்கள். இன்றைய அடுக்குமாடிகளை நாம் திட்டுவது போலவேதான்.

செம்மண்வீடு:
பூச்சு பற்றித் தெரியாது, நன்றி. ஆனால் பெட்ஃபோர்ட் ஸ்டைவசண்ட் வீடுகள் ஏன் இன்னும் நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1930-களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் போட்ட வரைபடத்தில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு அடித்தார்கள், அதாவது கடன் கொடுக்க லாயக்கில்லை என்று. வங்கிகள் கைவிட்ட அந்தக் காலம் முழுக்க, சொந்தக் காசைப் போட்டு கூரையை மாற்றி அந்த வீடுகளை நிற்கவைத்தது கறுப்பினக் குடும்பங்கள். ஸ்டைவசண்ட் ஹைட்ஸ் 1971-இலேயே வரலாற்றுப் பகுதி ஆனது. அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லை, அங்கிருந்தவர்களின் தன்மானம். இதை வெறும் 'கட்டவிடாமல் பூட்டுவது' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கணக்கன்:
நியாயம், அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களில் சொந்த வீட்டுக்காரர்களின் கதை வேறு, அவர்கள் மாடியில் வாடகைக்கு இருந்தவர்களின் கதை வேறு. விலை ஏறினால் முதல் ஆள் விற்றுவிட்டுக் காசோடு போகலாம், இரண்டாம் ஆளுக்கு ஒரு நோட்டீஸ்தான் கிடைக்கும்.

மூன்றாம்மாடி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் அந்த இரண்டாம் ஆள். நீங்கள் எல்லோரும் கட்டடத்தின் வயதையும் உயரத்தையும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள், குடியிருப்பவரை நிறுத்திவைப்பது இரண்டுமே இல்லை, வாடகைச் சட்டம்.

நியூயார்க்கில் ரென்ட் ஸ்டெபிலைசேஷன், அதாவது வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவிடாத சட்டப் பாதுகாப்பு, பொதுவாக யாருக்குக் கிடைக்கும்? 1974-க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடங்களுக்கு. நகரத்தில் ஏறக்குறைய 10 லட்சம் வீடுகள் இந்தக் குடையின் கீழ் இருக்கின்றன. நான் இருப்பது அப்படி ஒரு கட்டடம், அழுக்கு மஞ்சள் செங்கல், எந்தச் சுற்றுலாப் பயணியும் படம் எடுக்க மாட்டார். செம்மண்வீடு சார் உருகிய பிரவுன்ஸ்டோனில் மூன்று வீடு, நான்கு வீடுதான் இருக்கும், ஆகவே இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2024-இல் வந்த 'தக்க காரணமின்றிக் காலி செய்யச் சொல்லக்கூடாது' சட்டத்திலும் பத்து வீடு வரை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு விலக்கு. ஆக, படத்தில் அழகாக விழும் தெருக்கள்தான் வாடகைக்காரருக்கு மிகவும் வழுக்குகிற தெருக்கள்.

இந்தக் குடையையும் கிழிக்கப் பார்ப்பார்கள். 2019 வரை, காலியான வீட்டின் வாடகை ஒரு வரம்பைத் தாண்டினால் அது சட்டத்திலிருந்தே வெளியே போய்விடும் என்று ஓட்டை இருந்தது. எங்கள் உரிமையாளர் அந்தக் காலத்தில், வாடகையை அந்த வரம்புக்கு மேல் ஏற்றுவதற்காக, காலியான எதிர்வீட்டைப் 'புதுப்பிக்கிறேன்' என்று எட்டு மாதம் இடித்தார். மாடிப்படியில் ஏறினால் செருப்புத் தடம் பதியும், அவ்வளவு தூசி. நடுவில் கேஸ் குழாயையும் மூடிவிட்டார்கள். இரண்டு குடும்பம் பொறுக்கமுடியாமல் போனது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடத்தில் ஒரு செங்கல்கூட அசையவில்லை.

கணக்கன்:
இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொல்ல வந்தேன். நினைவுச்சின்ன ஆணையம் வெளிமுகத்தைத்தான் பார்க்கிறது. சன்னல் சட்டத்தை மாற்ற அனுமதி கேட்க வேண்டும். ஆனால் நான்கு குடும்பம் இருந்த வீட்டை ஒருவர் வாங்கி ஒரே குடும்பத்துக்கான மாளிகையாக மாற்றினால், அது ஆணையத்தின் கவலை இல்லை. 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு இந்த வீடுகளில் பல, அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டவை. அதையெல்லாம் திரும்ப ஒன்றாக்கியதுதான் 'புனரமைப்பு'. சாரம் கட்டவில்லை, யாரும் பதாகை பிடிக்கவில்லை, மூன்று வீடு காணாமல் போய்விட்டது.

அதனால் எங்காவது கட்டித்தான் ஆகவேண்டும். அமெரிக்க நகரங்களில், வருமானம் குறைந்த பகுதிகளில் எழுந்த பெரிய புது அடுக்குமாடிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், அக்கம்பக்க வாடகை அவை வராதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 5 முதல் 7 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். பணம் உள்ளவன் புதுக் கட்டடத்துக்குப் போனால் பழையதை ஏலத்தில் தூக்க மாட்டான்.

மூன்றாம்மாடி:
அந்த ஆய்வு பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 'வராதிருந்தால் இருந்திருக்கக்கூடியது' என்கிற வாடகையை நான் கட்டுவதில்லை, இந்த மாதம் வருகிற வாடகையைத்தான் கட்டுகிறேன். பத்து வருடத்தில் விலை படியிறங்கும் என்றால் அதுவரை நான் எங்கே இருப்பது?

அப்புறம் புதுக் கட்டடங்களில் 'கட்டுப்படியாகும்' வீடு தருகிறோம் என்பார்கள். 2016-இல் வந்த விதியின் ஒரு தெரிவுப்படி, விதி தளர்த்திய இடங்களில் கட்டுபவர் 25 சதவீத இடத்தை, பகுதியின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் தொகை) சராசரியாக 60 சதவீதம் உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்த 'பகுதி' எது என்று பார்த்தீர்களா? என் பேட்டை இல்லை, புரூக்ளின்கூட இல்லை, புறநகர்ப் பணக்கார மாவட்டங்களும் சேர்ந்த கணக்கு. 60 சதவீதம் என்று காகிதத்தில் போடுவார்கள், என் மாடியில் பாதிப் பேருக்கு அதுவும் எட்டாது.

கணக்கன்:
அந்தக் கணக்கு மோசமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கட்டாதே என்பதற்கான வாதம் இல்லை, சரியாகக் கட்டு என்பதற்கான வாதம். வியன்னாவில் நகராட்சியே 1920-களில் தொடங்கிக் கட்டிக்கொண்டே வந்தது. கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒன்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1930-இல் திறந்தார்கள், இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாடகை உச்சவரம்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ இருக்கிறது. 1994-இல் சிறு கட்டடங்களுக்கும் கட்டுப்பாட்டை நீட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் அதிகம் நிலைத்தார்கள், அது உண்மை. ஆனால் உரிமையாளர்கள் கட்டடங்களை விற்பனைக்கு மாற்றி, வாடகை வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள்.

மூன்றாம்மாடி:
அதாவது சட்டம் வேலை செய்தது, மாற்றி விற்கும் கதவைச் சாத்த மறந்துவிட்டார்கள். எனக்கு அப்படித்தான் படிகிறது.

செம்மண்வீடு:
எல்லோரும் சேர்ந்து என்னை மூலையில் தள்ளுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். 1961-இலேயே ஜேன் ஜேக்கப்ஸ் சொன்னது, புதிய சிறு தொழிலுக்குப் பழைய கட்டடம் வேண்டும், புதுக் கட்டடத்தின் கடனை அடைக்கிற வாடகையை ஒரு செருப்புத் தைப்பவரால் கொடுக்க முடியாது என்கிற பொருளில். அதுவும் தப்பா?

சாந்துக்கரண்டி:
தப்பில்லை அண்ணே, ஆனால் பழையது மலிவாக இருந்தவரைதான் அது. மன்ஹாட்டனில் சோஹோ பேட்டையைப் பாருங்கள். வார்ப்பிரும்புத் தூண் வைத்த காலிப் பட்டறைகளில் ஓவியர்கள் திருட்டுத்தனமாகக் குடியிருந்தார்கள், 1971-இல் அதைச் சட்டப்படி ஆக்கினார்கள், 1973-இல் வரலாற்றுப் பகுதி. நான் அங்கே ஒரு முகப்பில் வேலை செய்தேன். இரும்பு இலை வேலைப்பாட்டைப் பல்தேய்க்கும் பிரஷ் மாதிரி ஒன்றை வைத்துத் துலக்கினோம், ஒரு தூண்தலைக்கு இரண்டு நாள். கீழே கைப்பை விற்கும் கடை. முன்பே பட்டறையை விலைக்கு வாங்கிப்போட்ட ஓவியர்கள் சிலர் மேலே இன்னும் இருக்கிறார்கள், வாடகைக்கு இருந்தவர்களைக் காணோம். கடைகளுக்கு இந்த நகரத்தில் வாடகை வரம்பே கிடையாது, உங்கள் செருப்புத் தைப்பவரை எந்தத் தூண் காப்பாற்றும்?

(புதுக் கட்டடங்கள் எல்லாம் ஏன் ஒரே அட்டைப்பெட்டி மாதிரி இருக்கின்றன என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். பாதி குற்றம் டிசைனருடையது இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் நான்கு மாடிக்கே இரண்டு படிக்கட்டு கட்டாயம். இரண்டையும் இணைக்க நடுவே நீண்ட வராந்தா, இரண்டு பக்கமும் வீடு, சன்னல் ஒரே பக்கம். அந்த வராந்தாவை நியாயப்படுத்த மனை அகலமாக வேண்டும், அதற்காக நான்கைந்து மனையைச் சேர்த்து வாங்குவார்கள். நியூயார்க்கிலும் சியாட்டிலிலும் சில நிபந்தனையோடு ஆறு மாடி வரை ஒரு படிக்கட்டு போதும், அதனால் இங்கே ஒடுக்கமான மனையிலும் கட்ட முடிகிறது.)

செம்மண்வீடு:
சரி, வரலாற்றுப் பகுதி மட்டும் போதும் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சர்க்கரை ஆலைச் சுவரை இடித்திருந்தால் அங்கே அப்படி ஓர் ஆலையும் ஒரு வேலைநிறுத்தமும் இருந்தது என்பதைக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றியிருக்காது.

மூன்றாம்மாடி:
அதை நான் மறுக்கவில்லை. இன்னொரு பழைய பொருளும் இருக்கிறது, யாரும் அதைக் காக்கச் சொல்லிக் கேட்பதில்லை. மாநில வீட்டுவசதித் துறையில் கேட்டால் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றை அனுப்புவார்கள், காசு கிடையாது, அந்த வீட்டில் குடியிருப்பவர் கேட்டால் போதும். 1984-இலிருந்து பதிவானது வரும். நான் வாங்கினேன், ஐந்து பக்கம். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி: குத்தகை எந்தத் தேதியிலிருந்து எதுவரை, சட்டப்படி வாடகை எவ்வளவு, யார் குடியிருந்தார். ஒரே பெயர் 17 வரி வந்தது. அடுத்த வருடம் 'காலி'. அதற்கடுத்த வரியில் வாடகை ஒரே தாவலில் ஏறியிருக்கிறது, புதுப் பெயர். இப்போது ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாவலைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கன்:
அந்தத் தாவலுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்?

மூன்றாம்மாடி:
'மேம்பாடு'. ஒரே சொல். அந்த வீட்டில் சமையலறை மேடை இன்னும் பழையதுதான்.

செம்மண்வீடு:
என் கட்டடம் 1928-இல் கட்டியது, 12 வீடு. அந்தக் காகிதத்துக்கு எப்படி எழுதிக் கேட்பது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.