மயங்கிக் கிடக்கும் கேரக்டர்மேல் அம்பு பட்டால் எத்தனை தோல்வி?

தண்டையார்பேட்டை டிஎம் எழுதியது:

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடி ஆளுக்கொரு கேரக்டர் எடுத்துக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டை ஆடுகிறோம். என்னைச் சேர்த்து ஐந்து பேர். ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளையே பின்பற்றுகிறோம். 2024இல் வந்த திருத்தப் புத்தகம் எங்களில் ஒருவரிடம் இருந்தாலும், இந்தக் கேம்பெய்ன் (தொடர்கதை) முடியும்வரை மாறுவதில்லை என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். எட்டு மாதமாக நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி, எதிரிகளை ஆட்டி, தீர்ப்பும் சொல்லும் டன்ஜன் மாஸ்டர்.

சென்ற ஞாயிறு ஒரு பாழடைந்த கோட்டையின் உள்முற்றத்தில் சண்டை. எல்லோரும் மூன்றாம் லெவல். கிளெரிக் (பூசாரி கேரக்டர்) 0 ஹிட் பாயின்ட்டுக்கு, அதாவது உயிர்ப்புள்ளி தீர்ந்த நிலைக்கு வந்து மயங்கி விழுந்தார். அவருடைய முறை வந்தபோது, பிழைப்பாரா என்று இருபது முக டைஸில் பார்க்கும் டெத் சேவில் 7 விழுந்தது. 10க்குக் கீழே என்பதால் ஒரு தோல்வி, மூன்று சேர்ந்தால் சாவு. அடுத்து, மதில்மேல் 30 அடி தொலைவில் நின்ற கோப்ளின் அவர்மேலேயே அம்பு எய்தது. மயங்கியவரைத் தாக்கினால் அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு என்பதால், டிஎம்மின் மறைப்பு அட்டையான ஸ்கிரீனுக்குப் பின்னால் இரண்டு டைஸையும் ஒன்றாக உருட்டினேன். 4, 16 என்று விழுந்தன. 16உடன் கோப்ளினின் தாக்குதல் போனஸ் 4ஐச் சேர்த்தால் 20. கிளெரிக்கின் ஏசி, அதாவது அடி படத் தொட வேண்டிய எண், 18. மயங்கியவர்மேல் படும் அடி கிரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் அடி), கிரிட்டிக்கல் என்றால் இரண்டு தோல்வி, ஆக மொத்தம் மூன்று என்று கணக்குச் சொல்லி, அவர் இறந்துவிட்டதாக அறிவித்தேன்.

அவர் கேரக்டர் ஷீட்டை நான்காக மடித்து டைஸ் பைக்குள் வைத்துக்கொண்டு, “போன மாதம் தம்பிக்கு எதிராக விழுந்த 20ஐ மட்டும் ஏன் சாதாரண அடி ஆக்கினீர்கள்?” என்று கேட்டார். டைஸில் 20 விழுந்தாலே கிரிட்டிக்கல்தான், அவர் சொன்னது உண்மை. விஸார்டாக ஆடும் கல்லூரிப் பையனுக்கு அதுதான் முதல் சண்டை. முதல் நாளே சாகக் கூடாது என்று நினைத்து எண்ணை மாற்றிச் சொன்னேன். தேநீர் டம்ளரை எடுக்க எழுந்தவர் ஸ்கிரீனுக்கு மேலாக அதைப் பார்த்திருக்கிறார். அவர் கிளம்பிப் போன பிறகு மற்றவர்கள் இரண்டு ரவுண்டு ஆடினார்கள், பிறகு யாருக்கும் மனம் ஓடவில்லை.

அந்த அம்புக்கு நான் சொன்ன தீர்ப்பு சரியா? டைஸை மாற்றியது பாரபட்சம்தானா? இதை இனிமேல் எப்படிச் சரிசெய்வது?

பெரம்பூர் பகடை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தீர்ப்பு தவறு, அதுவும் இரண்டு இடத்தில் தவறு.

மயங்கியவர்மேல் படும் அடி தானாகவே கிரிட்டிக்கல் ஆவது, தாக்குபவர் 5 அடிக்குள் நின்றால்தான். 30 அடியிலிருந்து வந்த அம்பு பட்டால் அது வெறும் அடி. 0 ஹிட் பாயின்ட்டில் கிடப்பவர் வாங்கும் எந்தச் சேதத்துக்கும் ஒரு தோல்வி, கிரிட்டிக்கல் என்றால்தான் இரண்டு. எனவே அந்த அம்பு பட்டதாகவே வைத்துக்கொண்டாலும் கிளெரிக்குக்கு மொத்தம் இரண்டு தோல்விகள்தான், அவர் சாகவில்லை.

இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. மயங்குபவர் தரையில் விழுந்தும் கிடக்கிறார். விழுந்து கிடப்பவரை 5 அடிக்கு அப்பாலிருந்து தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு டைஸில் சிறியதை எடுப்பது. மயக்கத்தால் வரும் அட்வான்டேஜும், கிடப்பதால் வரும் டிஸ்அட்வான்டேஜும் ஒன்றையொன்று கழித்துவிடும். எனவே ஒரே ஒரு டைஸைத்தான் உருட்டியிருக்க வேண்டும். ஏசி 18ஐத் தொட கோப்ளினுக்கு 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். ஒரு டைஸில் அதற்கான வாய்ப்பு 35 சதவீதம். நீங்கள் கொடுத்த அட்வான்டேஜில் ஏறக்குறைய 58 சதவீதம். சிறிய வித்தியாசம் என்று இதை ஒதுக்க முடியாது.

புத்தகம் கையில் இல்லை என்றால், இந்த விதிகள் அடங்கிய அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கண்டிஷன்ஸ் என்ற பின்னிணைப்பை மட்டும் அச்செடுத்து ஸ்கிரீனின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என்னுடைய ஸ்கிரீனில் அந்தத் தாள் டீக்கறையோடு மூன்று வருடமாக இருக்கிறது.

காசிமேடு கோப்ளின் எழுதியது:

பகடை அண்ணன் சொன்ன விதியில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நடந்து முடிந்த செஷனைத் திருப்பக் கூடாது என்பது என் கருத்து. எங்கள் தெரு கேரம் மன்றத்தில் ரெட்டுக்கு ஃபாலோ விழுந்ததா இல்லையா என்று வாரத்துக்கு ஒரு சண்டையாவது வரும். அடுத்தவர் ஸ்ட்ரைக்கரை அடிப்பதற்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். அடித்துவிட்டால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அப்படி ஒரு எல்லை இல்லையென்றால் எங்கள் மன்றத்தில் ஒரு போர்டு கூட முடியாது.

டைஸை மாற்றியதைப் பற்றி: 2014ஆம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடே, ஸ்கிரீனுக்குப் பின்னால் உருட்டினால் தேவைப்படும்போது முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிறது, அடிக்கடி செய்யாதீர்கள், செய்வது வெளியில் தெரிய வேண்டாம் என்றும் சொல்கிறது. எனவே நீங்கள் விதியை மீறவில்லை. ஒருவருக்குக் காட்டிய இரக்கத்தை மற்றவருக்குக் காட்டவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம், அது நியாயமானது. நான் ஆறு மாதம் முன்பே ஸ்கிரீனை எடுத்துவிட்டேன். எல்லாம் மேசை நடுவில்தான் விழும். சாவு கூடியிருக்கிறது, சண்டை குறைந்திருக்கிறது.

ராயபுரம் ரேஞ்சர் எழுதியது:

கோப்ளின் நண்பரே, கேரம் உவமை இங்கே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். போர்டில் ஒரு காய் போனால் அடுத்த போர்டில் திரும்ப அடுக்கிவிடுகிறோம். எட்டு மாதம் வளர்த்த கேரக்டரை அப்படி அடுக்க முடியாது. மேலும், விதியைத் தவறாகச் சொன்னவர் ஆட்டக்காரர் இல்லை, நடுவர். நடுவரின் பிழைக்கான விலையை ஆட்டக்காரர் கட்டுவது எந்த மன்றத்திலும் சரியாகாது.

டிஎம் அவர்களே, அதற்குப் பின் நடந்த இரண்டு ரவுண்டில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் குழுவில் பலடின் (புனித வீரர்) இருந்தால் மூன்றாம் லெவலில் அவரிடம் லே ஆன் ஹேண்ட்ஸ் என்ற குணமாக்கும் திறன் 15 புள்ளி இருக்கும். தொட்டு ஒரு புள்ளி கொடுத்தாலே கிளெரிக் எழுந்துவிடுவார். அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் அறிவித்ததால் அந்தப் புள்ளிகளைப் பலடின் வேறு எதற்காவது செலவழித்திருந்தால், கிளெரிக்கை மட்டும் உயிர்ப்பித்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது இன்னொருவருக்குச் செய்யும் அநியாயம். திருப்புவதாக இருந்தால் அந்த அம்பிலிருந்தே திருப்ப வேண்டும். அந்த 4, 16 இரண்டையும் தள்ளிவிடுங்கள். ஒன்றாக உருட்டியவற்றில் எது ‘முதல்’ டைஸ் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதுவும் பாரபட்சமாகத்தான் தெரியும்.

இன்னொன்று. எதிரில் மூன்று பேர் வாளோடு நிற்கும்போது, விழுந்து கிடப்பவர்மேல் கோப்ளின் ஏன் அம்பு எய்தது? அதற்கு முன் கிளெரிக் ஹீலிங் வேர்ட் மந்திரம் சொல்லி யாரையாவது எழுப்பியதைக் கோப்ளின் பார்த்திருந்தால், அது புத்தியுள்ள கோப்ளின். காரணமே இல்லையென்றால் எய்தது நீங்கள்தான்.

தண்டையார்பேட்டை டிஎம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ரேஞ்சர் கேட்ட கேள்வி இரண்டு நாள் என்னை விடவில்லை. கிளெரிக் அன்று யாரையும் எழுப்பவில்லை. வரைபடத்தில் கோப்ளினுக்கு நேர்கோட்டில் அவர் கிடந்தார், கை அங்கே போனது, அவ்வளவுதான். பலடின் 15 புள்ளியில் 10ஐத் தனக்கே செலவழித்திருந்தார் என்பதும் உண்மை.

கிளெரிக்காக ஆடுபவரை வியாழக்கிழமை போனில் அழைத்து, கண்டிஷன்ஸ் பக்கத்தைப் படித்துக் காட்டி, தீர்ப்பு தவறு என்றும் அந்த 20ஐ மாற்றியது உண்மை என்றும் சொன்னேன். கோப்ளினின் குறியையும் மாற்றிவிடவா என்று கேட்டதற்கு, “எய்தது எய்ததாகவே இருக்கட்டும், டைஸை மட்டும் நான் உருட்டுகிறேன்” என்றார். நேற்று எல்லோர் முன்னிலையிலும் இரண்டையும் மறுபடி சொன்னேன். விஸார்ட் பையன்தான் அதிகம் முகம் சுளித்தான். அன்றைக்குச் செத்திருந்தால் செத்திருக்கட்டுமே அண்ணா, என்னைக் கேட்காமல் ஏன் காப்பாற்றினீர்கள் என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஸ்கிரீனை மடித்து ஷோகேஸ் மேல் வைத்துவிட்டு, அம்பிலிருந்து மறுபடி தொடங்கினோம். அவர் தன் பச்சை டைஸை உருட்டினார்: 15. கோப்ளினின் 4 சேர்ந்து 19. பட்டுவிட்டது, இரண்டாவது தோல்வி. அடுத்த முறை பலடினுடையது. பக்பேர் என்ற எதிரியின் எட்டும் தூரத்தைத் தாண்டி ஓடியதால் ஒரு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் வாங்கி, மிச்சமிருந்த 3 ஹிட் பாயின்ட்டோடு போய்ச் சேர்ந்து 5 புள்ளி கொடுத்தார். கிளெரிக் கண் விழித்தார். மதில்மேல் கோப்ளின் அடுத்த அம்பைத் தொடுக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மீதி வரும் ஞாயிறு.