பை யாருடையது? மலேசியாவின் சுங்கை சிப்புட் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான் (இரவு 8.05): அனைவருக்கும் வணக்கம். நான்காம் ஆண்டில் படிக்கும் என் மகன் இன்றைய ஆங்கிலப் பயிற்சியில் 'திஸ் இஸ் மைன் பேக்' என்றும் 'தி பேக் இஸ் மை' என்றும் எழுதியிருக்கிறான். ஆசிரியர் இரண்டையும் திருத்தியிருக்கிறார். எங்கே 'மை' வரும், எங்கே 'மைன்' வரும் என்பதை அவனுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? பெரியப்பா, தமிழ்ப்பள்ளியில் நீங்கள் ஆங்கிலமும் கற்பித்தவர் என்பதால் உங்களைத்தான் முதலில் கேட்கிறேன்.

தம்பி (8.09): அக்கா, 'மை' என்றால் அதற்குப் பின்னால் பொருளின் பெயர் வர வேண்டும், 'மைன்' என்றால் பெயர் வரக்கூடாது. இடைநிலைப்பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெரியப்பா (8.21): தம்பி சொன்ன விதி சரியானது. ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளைகள் தேர்வுக்குப் பிறகு மீண்டும் அதே இடத்தில் தடுமாறுவதை வகுப்பில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மா, இந்த வேறுபாடு உன் மகனிடம் ஏற்கெனவே இருக்கிறது. பையை அவன் முன்னால் வைத்து, 'இது யாருடைய பை?' என்று கேள். 'இது என் பை' என்பான். பிறகு 'இந்தப் பை யாருடையது?' என்று கேள், 'என்னுடையது' என்பான். 'இது என்னுடையது பை' என்றோ, 'இந்தப் பை என்' என்றோ அவன் ஒரு நாளும் சொல்லமாட்டான். தமிழில் 'என்' நிற்கும் இடத்தில் 'மை', 'என்னுடையது' நிற்கும் இடத்தில் 'மைன்'. அவ்வளவுதான்.

நான் (8.34): கேட்டுப் பார்த்தேன், பெரியப்பா. நீங்கள் எழுதியபடியே பதில் சொன்னான். அந்தப் பயிற்சியில் இருந்த மற்ற வாக்கியங்களையும் தமிழில் சொல்லிப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டான்.

சித்தி (8.37): எனக்கு ஓர் ஐயம். தமிழில் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏன் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்? என் மகளும் சிறு வயதில் இப்படித்தான் எழுதினாள்.

பெரியப்பா (8.50): நல்ல கேள்வி. நம் பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது தமிழோடு மலாயையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். பேச்சு மலாயில் 'சாயா பூஞா புக்கு' (என் புத்தகம்) என்றாலும் 'புக்கு இத்து சாயா பூஞா' (அந்தப் புத்தகம் என்னுடையது) என்றாலும் 'சாயா பூஞா' மாறுவதே இல்லை. எழுத்து மலாயில் 'புக்கு சாயா' என்று உடையவர் பொருளுக்குப் பின்னால் வந்துவிடுகிறார். கடையிலும் பேருந்திலும் திடலிலும் மலாய் பேசும் பிள்ளைக்கு, ஆங்கிலமும் அயல்மொழி என்பதால் மலாயின் பழக்கமே முதலில் கை கொடுக்கிறது. இந்த ஓர் இடத்தில் தமிழ்தான் ஆங்கிலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதை நாம் எடுத்துச் சொன்னால் போதும்.

தம்பி (8.53): அப்படியானால் எல்லாவற்றையும் இணையாக எழுதிவிடலாம். 'யுவர்', 'யுவர்ஸ்' என்பவை உன், உன்னுடையது. 'ஹெர்', 'ஹெர்ஸ்' என்பவை அவள், அவளுடையது. 'ஔர்', 'ஔர்ஸ்' என்பவை நம், நம்முடையது. 'தெயர்', 'தெயர்ஸ்' என்பவை அவர்கள், அவர்களுடையது. 'ஹிஸ்' மட்டும் இரண்டு இடத்திலும் 'ஹிஸ்'தான்.

பெரியப்பா (8.58): சரி. 'நம்' என்றும் 'எங்கள்' என்றும் நாம் பிரிப்பது போல, 'கித்தா' என்றும் 'காமி' என்றும் மலாயும் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஔர்'.

அக்கா (9.06): இப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்தேன். பெரியப்பா, தமிழில் சொல்லிப் பார்த்து எழுதினால் எல்லா இடத்திலும் சரியாக வந்துவிடுமா? எங்கள் ஆலை அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளை, விபத்து அறிக்கையில் 'ஹி இஞ்சர்ட் லெக்' என்று எழுதியிருந்தாள். 'காலைக் காயப்படுத்திக்கொண்டான்' என்ற தமிழ் வாக்கியத்தில் அவனுடைய என்ற சொல்லே இல்லையே.

பெரியப்பா (9.24): நீ கேட்ட இடம்தான் உண்மையில் கடினமான இடம், 'மை', 'மைன்' அல்ல. தமிழில் 'கையைக் கழுவினேன்', 'தலை சீவினாள்', 'காலை உடைத்துக்கொண்டான்' என்று சொல்லும்போது, யாருடைய கை என்று எவரும் கேட்பதில்லை. வினையும், அதனோடு வரும் 'கொள்' என்ற துணைவினையும் அதைக் காட்டிவிடுகின்றன. நன்னூல் ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று இரண்டாகப் பிரிக்கிறது. என்னை விட்டுப் பிரியாத என் கை தற்கிழமை; என்னிடமிருந்து வேறாக இருக்கும் என் வீடு பிறிதின் கிழமை. பிரியாத உறுப்புக்கு உடையவரைச் சொல்லாமல் விடுவது நம் பேச்சு வழக்கு. ஆங்கிலமோ அங்கேதான் உடையவரைக் கட்டாயம் கேட்கிறது: 'ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்', 'ஹி இஞ்சர்ட் ஹிஸ் லெக்', 'ஷி கோம்ட் ஹெர் ஹேர்'. ஆகவே உடல் உறுப்பு, உடுத்திய உடை, கையில் வைத்திருக்கும் பொருள் ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது தமிழ் வாக்கியத்தை நம்பக்கூடாது, 'யாருடைய?' என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

நான் (9.29): அவனுடைய பழைய கட்டுரைகளைப் புரட்டினேன். 'ஐ பிரஷ் டீத்', 'ஐ வேர் ஷூஸ் அண்ட் டேக் பேக்' என்று பல இடங்களில் இருக்கிறது. நீங்கள் சொன்ன காரணம் இப்போது நன்றாகத் தெரிகிறது.

பெரியப்பா (9.41): இன்னும் ஒன்றையும் கவனிக்கச் சொல். 'முருகன் தன் வீட்டுக்குப் போனான்', 'முருகன் அவன் வீட்டுக்குப் போனான்' என்ற இரண்டுக்கும் நமக்குப் பொருள் வேறு. இரண்டாவதைக் கேட்டால் வேறு யாரோ ஒருவன் வீட்டுக்கு என்றுதான் முதலில் நினைப்போம். ஆங்கிலத்தில் 'தன்' என்பதற்குத் தனிச் சொல் இல்லாததால் இரண்டுக்கும் 'ஹிஸ்' என்றே வரும். தெளிவு வேண்டுமானால் 'ஹிஸ் ஓன்' என்று எழுதலாம்.

சித்தி (9.44): ஆசிரியையைப் பற்றி எழுதும்போது பிள்ளைகள் 'ஹிஸ் கார்' என்று எழுதிவிடுகிறார்களே, அதற்கும் இதுதான் காரணமா?

பெரியப்பா (9.49): அதற்குக் காரணம் வேறு, தங்கை. மரியாதைக்காக நாம் 'அவருடைய கார்' என்று சொல்லும்போது ஆணா பெண்ணா என்பது தெரிவதில்லை. அவன், அவள் இரண்டையும் குறிக்கும் மலாயின் 'தியா'விலும் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் மரியாதைக்குத் தனி வடிவம் கிடையாது. உடையவர் ஆணானால் 'ஹிஸ்', பெண்ணானால் 'ஹெர்'. ஓர் ஆணின் மகளைப் பற்றி எழுதினாலும் 'ஹிஸ் டாட்டர்' என்றே வரும், ஏனென்றால் உடையவரைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி (9.52): 'இட்ஸ்' என்பதில் அப்பாஸ்ட்ரஃபி குறி போடலாமா, கூடாதா என்பதையும் சொல்லிவிடுங்கள், பெரியப்பா. எனக்கே அது உதவும்.

பெரியப்பா (10.03): உடைமை என்றால் போடக்கூடாது. 'தி டாக் வேக்ட் இட்ஸ் டெயில்' என்பதில் குறி இல்லை. 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படிக்க முடிந்தால் மட்டும் குறி வரும். 'ஹெர்ஸ்', 'ஔர்ஸ்', 'யுவர்ஸ்', 'தெயர்ஸ்' ஆகிய எதற்கும் குறி கிடையாது. பெயர்ச்சொல்லுக்குக் குறி போட்டுப் பழகிய கை இங்கும் போடப் பார்க்கும். இந்த 'இட்ஸ்' ஆங்கிலத்தில் மிகவும் பிந்தி வந்த சொல். 1500களின் இறுதியில்தான் எழுத்தில் தென்படுகிறது. அதற்கு முன் உயிரற்ற பொருளுக்கும் 'ஹிஸ்' என்றே எழுதினார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் உப்பின் சாரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில்கூட உப்புக்கு 'ஹிஸ்' என்றுதான் இருக்கிறது. புதிதாக வந்த காலத்தில் ஆங்கிலேயரே அதைக் குறியோடு எழுதியிருக்கிறார்கள். குறியை நீக்கி எழுதும் வழக்கம் பிறகுதான் நிலைத்தது.

அக்கா (10.07): இதையெல்லாம் அந்தப் பயிற்சிப் பிள்ளைக்கும் நாளை சொல்கிறேன். அறிக்கையில் யாருடைய கால் என்று எழுதாவிட்டால் காப்புறுதிக் கோரிக்கையில் கேள்வி வரும்.

நான் (10.15): தூங்குவதற்கு முன் அவனே இரண்டு வாக்கியங்கள் எழுதிக் காட்டினான்: 'மை சிஸ்டர் லாஸ்ட் ஹெர் அம்ப்ரெல்லா. ஐ கேவ் ஹெர் மைன்.' சரியா, பெரியப்பா?

பெரியப்பா (10.19): மிகவும் சரி. ஆனால் முதல் 'ஹெர்' அவளுடைய, இரண்டாவது 'ஹெர்' அவளுக்கு. வடிவம் ஒன்று, வேலை இரண்டு. அவனுக்கு அது தெரிந்து எழுதினானா என்று காலையில் கேள். தெரியவில்லை என்றால், 'அவள்', 'அவளுக்கு', 'அவளுடையது' மூன்றையும் வைத்துத் தமிழில் சில வாக்கியங்கள் சொல்லச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுத வை. எழுதியதைப் படமெடுத்து இங்கே அனுப்பு. நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.