லேசருக்குப் பிறகு எஃப்எஃப்ஏ: கசிவா, தழும்பா?

எஃப்எஃப்ஏ என்பது ஃப்ளோரசின் சாயத்தை ஊசியில் ஏற்றி விழித்திரையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சோதனை. லேசருக்குப் பின் அதில் தெரியும் வெள்ளைத் திட்டு கசிவா, தழும்பா என்று மூன்று பேர் புனைபெயரில் பேசுகிறார்கள்.

ஆஞ்சியோ அறை
ஒரு படம் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சர்க்கரை நோயாளி, பிஆர்பி (விழித்திரை ஓரம் முழுக்கப் போடும் லேசர்) முடிந்து இரண்டு மாதம். 10ஆவது நிமிடப் படத்தில் மூக்குப் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. அந்த நேரத்தில் லேசர் தழும்புகளும் வெளுத்துத்தான் தெரியும் என்பதால் அதையும் தழும்பு என்றே குறித்திருந்தார்கள். 30ஆவது விநாடிப் படத்தைப் பக்கத்தில் வைத்தபோது அதே இடத்தில் விசிறி விரித்தது போல் மெல்லிய புது ரத்தக்குழாய்கள்! தழும்பில் சாயம் ஏறினால் பிரகாசம் கூடும், ஓரம் நகராது. புதுக்குழாய் கசிந்தால் ஓரம் கரைந்து திட்டு பெரிதாகும். அந்தப் பகுதிக்கு மேலும் லேசர் தேவைப்பட்டது.

பச்சைக் கதிர்
இரண்டு மாதம் கழிந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஓரத்தை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். ஒரு சிஎஸ்ஆர் (விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து தேங்கும் நோய்) கண்ணுக்கு லேசர் போட்ட 5ஆம் நாளே எஃப்எஃப்ஏ எடுத்தார்கள். சுட்ட இடமே கசிந்து பரவியது. புதுச் சூடு அப்படித்தான் கசியும். நீர் கசிந்த பழைய துளை அடைபடவில்லை என்று மறுபடி லேசருக்கு எழுதிவிட்டார்கள். நல்லவேளை, தள்ளிப்போட்டார்கள். ஆறு வாரத்தில் ஓசிடியில் (விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஸ்கேன்) நீர் வற்றியிருந்தது.

சாய ஊசி
இரண்டு பேரும் பிந்தைய படத்திலேயே நிற்கிறீர்கள். முந்தைய படம் கெட்டால் எதோடு ஒப்பிடுவது? ஊசி 20 விநாடிக்கு மேல் இழுத்த ஒரு தொகுப்பில் தமனி, சிரை எல்லாம் ஒரே சாம்பல். லேசருக்கு முன் எடுத்ததோடு ஒப்பிடவே முடியவில்லை.

ஆகவே, 10 சதவீத ஃப்ளோரசின் 5 மில்லி, அல்லது 20 சதவீதம் 2.5 மில்லி, இரண்டுமே 500 மில்லிகிராம்தான். முழங்கை மடிப்பில் சிரையில் கேனுலா போட்டு, முதலில் சலைன் செலுத்திப் பாருங்கள். வீங்கினால் சாயம் ஏற்றாதீர்கள், வெளியே கசிந்தால் கடுமையாக எரியும். ஏற்றுவது 5 முதல் 10 விநாடிக்குள். ஏற்றத் தொடங்கியதுமே டைமர். சாயம் விழித்திரைக்கு வர 10–15 விநாடி ஆகும், 8ஆவது விநாடியிலிருந்தே விநாடிக்கு ஒரு படம். சாயம் முதலில் ஓடும் நேரத்துப் படங்கள் சந்தேகமுள்ள கண்ணில், மறு கண் பிறகு. சாயத்துக்கு முன் ரெட்-ஃப்ரீ (பச்சை ஒளியில் எடுக்கும் படம்) ஒன்று, எஃப்எஃப்ஏ ஃபில்டர் போட்டு ஒன்று: தானாகவே ஒளிரும் இடம் அதில் தெரிந்துவிடும். குமட்டல் ஒரு நிமிடத்துக்குள் வரும், முகத்தை கேமரா மேடையிலிருந்து எடுக்க விடுங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் வேண்டாம்.