இத்தாலி, சுவிஸ் ரயில் டிக்கெட்: ஊரிலிருந்தே எடுக்கலாமா, அங்கே போய் எடுக்கலாமா?

குடந்தை மேற்கு:
ஜூன் நடுவில் அப்பா, அம்மாவோடு நாலு பேர் போகிறோம். பாரிஸ், சூரிக், லூசர்ன், மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம். விசா இன்னும் வரவில்லை. எல்லா டிக்கெட்டையும் இப்போதே எடுக்கணுமா? இத்தாலி ரயில் தளத்தில் ஜூன் இரண்டாவது வாரத்துக்கு மேல் ஒன்றிரண்டு வண்டிதான் காட்டுகிறது, அதற்குள் தீர்ந்துவிட்டதா? போதாததுக்கு, கார்டு நம்பர் போட்டதும் "நிராகரிக்கப்பட்டது" என்கிறது. ஓடிபியே வரவில்லை.

மாயவரம் ஜங்ஷன்:
உழவன் எக்ஸ்பிரஸையும் மாயவரம்–திருச்சி பாசஞ்சரையும் ஒரே மாதிரியா டிக்கெட் எடுக்கிறோம்? அங்கேயும் அதே கதைதான். சீட் நம்பர் போட்ட அதிவேக வண்டிகளுக்கு, விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. எதுவும் கிடையாது. உங்கள் பட்டியலில் பாரிஸ்–சூரிக் (டிஜிவி லிரியா, சுமார் 4 மணி நேரம், கார் த லியோன் நிலையத்தில் ஏறணும்), அப்புறம் மிலான்–வெனிஸ், வெனிஸ்–ஃபிளாரன்ஸ், ஃபிளாரன்ஸ்–ரோம். இவை நாலையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

சூரிக்–லூசர்ன் பாசஞ்சர் கணக்கு. முக்கால் மணி நேரப் பயணம், சீட் நம்பர் கிடையாது. சாதாரண டிக்கெட் என்றைக்கு வாங்கினாலும் ஒரே விலை. நிலையத்து மிஷினில் எடுத்து ஏறலாம். லூசர்னைச் சுற்றி ஒரே நாளில் நிறைய ஊர் போவதாக இருந்தால் மட்டும் சேவர் டே பாஸ் (ஒரு நாள் முழுக்கச் செல்லும் சுவிஸ் பயணச்சீட்டு) பாருங்கள். அதை 6 மாதம் முன்பிருந்தே விற்பார்கள், சீக்கிரம் வாங்கினால் மலிவு.

ஒன்று கவனியுங்கள். லூசர்னிலிருந்து மிலான் போக சூரிக்குத் திரும்ப வேண்டாம். நேர் வண்டி அமையாவிட்டால் ஆர்த்-கோல்டாவில் மாறலாம். அப்போதும் லூசர்ன்–மிலான் என்று ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இரண்டாகப் பிரித்து எடுத்து, முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது டிக்கெட் பணம் கோவிந்தா. எல்லை தாண்டும் அந்த யூரோசிட்டி வண்டிக்கு சீட் ரிசர்வேஷன் கட்டாயம், அதையும் முன்பே முடித்துவிடுங்கள். (மலைக் காட்சி வேண்டும் என்பவர்களுக்குச் சின்ன ஏமாற்றம்: 2016-இல் திறந்த 57 கி.மீ. கோட்ஹார்ட் சுரங்கத்துக்குள் வண்டி புகுந்துவிடும்.)

வெண்ணாற்றங்கரை:
வண்டி தீரவில்லை, தளத்தில் இன்னும் ஏற்றவில்லை. ஐரோப்பாவில் கால அட்டவணை டிசம்பர் நடுவில் மாறும், ஜூன் நடுவில் ஒரு சிறு மாற்றமும் உண்டு. அந்தத் தேதிக்குப் பிந்தைய வண்டிகளைத் தவணை தவணையாகத்தான் விற்பனைக்கு விடுவார்கள். அதற்கு முந்தைய வாரத்தில் அதே கிழமையைப் போட்டுப் பாருங்கள், எத்தனை வண்டி ஓடும் என்று தெரிந்துவிடும்.

விசா கையில் வரும்வரை ட்ரெனிடாலியாவில் (இத்தாலி அரசு ரயில் கம்பெனி) சூப்பர் எகானமி என்ற மலிவு டிக்கெட் பக்கம் போகாதீர்கள். மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. பேஸ் என்ற டிக்கெட் விலை அதிகம்தான். ஆனால் வண்டி புறப்படுமுன் ரத்து செய்தால் 20% போக மீதி வரும். இத்தாலோ என்பது வேறு கம்பெனி. அந்த டிக்கெட்டோடு ட்ரெனிடாலியாவின் அதிவேக வண்டியான ஃப்ரெச்சாரோசாவில் ஏறினால் செல்லாது.

கார்டு விஷயம்: ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-இலிருந்து புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி செயலியில் "இன்டர்நேஷனல்", "ஆன்லைன்" இரண்டையும் திறந்து, வரம்பையும் ஏற்றுங்கள். ரூபே கார்டு எடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூரோவா ரூபாயா என்று கேட்டால் யூரோ. ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள்.

குடந்தை மேற்கு:
இன்டர்நேஷனல் மூடித்தான் இருந்தது. திறந்ததும் ஓடிபி வந்துவிட்டது, நன்றி. வெனிஸுக்கு இரண்டு ஸ்டேஷன் காட்டுகிறதே, எது? ஃபிளாரன்ஸிலிருந்து பீசா ஒரு நாள் போய்வரணும், அதையும் இப்போதே எடுக்கணுமா?

மாயவரம் ஜங்ஷன்:
ஓட்டல் தீவுக்குள் என்றால் வெனேசியா சாந்தா லூச்சியா. மெஸ்த்ரே கரையில் இருக்கிறது, அங்கே இறங்கினால் இன்னொரு வண்டி பிடிக்கணும். ஃபிளாரன்ஸை ஃபிரென்ஸே எஸ்.எம்.என். (சாந்தா மரியா நோவெல்லா நிலையம்) என்று தேடுங்கள்.

பீசாவுக்கு ரெஜொனாலே வண்டி (நம்மூர் பாசஞ்சர் மாதிரி), விலை மாறாது, அன்றைக்கே எடுங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள சின்ன மிஷினில் முத்திரை குத்தணும். இதை மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். டிக்கெட் மிஷின் பக்கத்தில் உதவ வருகிறேன் என்று ஒட்டுபவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் காசு கேட்பார்கள்.

வெண்ணாற்றங்கரை:
வேலைநிறுத்தமும் அங்கே சகஜம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். "ஷோபெரோ" என்ற சொல் தெரிந்தால் தேதியைப் பாருங்கள். வேலைநாள் என்றால் காலை 6–9, மாலை 6–9 ரெஜொனாலே வண்டிகள் ஓடியாகணும். பீசா பயணத்தை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.