டோங்காரிரோவில் ஏறுவது பெரிதல்ல, இறங்குவதுதான் பெரிது

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் எரிமலைகளுக்கு நடுவே போகும் ஒரு நாள் நடைபாதையான டோங்காரிரோ ஆல்பைன் கிராஸிங் பற்றி யாரைக் கேட்டாலும் அந்தப் பச்சை ஏரிகளைத்தான் சொல்வார்கள். நான் முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மங்காடெபோபோவில் 1,120 மீட்டர் உயரத்தில் நடக்கத் தொடங்குகிறோம். உச்சமான சிவப்பு எரிமலை வாய் 1,886 மீட்டர். அங்கிருந்து இறங்கிச் சேரும் கெட்டேடாஹி வாகன நிறுத்தம் 760 மீட்டர் உயரத்தில். ஏறுவதைவிட இறங்குவது முந்நூற்றைம்பது மீட்டருக்கு மேல் அதிகம். மொத்தத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். போகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள்.

தொடக்கத்தில் பாதை பள்ளத்தாக்கோடு சுகமாகப் போகிறது. பலகை நடைபாதை, கொத்துப்புல், பக்கத்தில் சிற்றோடை. இடதும் வலதும் கிடக்கும் லாவாவைக் கவனித்தால் வயது தெரியும். பழையதில் பாசியும் லைக்கனும் பிடித்துச் சாம்பல் நிறமாகியிருக்கும். 1949-லும் 1954-லும் நௌருஹோ எரிமலை கக்கியது இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது. அந்த மலை கடைசியாக வெடித்தது 1975-ல். கூம்பு வடிவத்தைப் பார்த்தால் ஏறத் தோன்றும்தான். ஆனால் அந்தச் சிகரங்கள் மாவோரி மக்களுக்குப் புனிதமானவை, ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். 1887-ல் டூஃபாரெடோவா மக்களின் தலைவர் நான்காம் டெ ஹேஉஹேஉ டூகினோ இந்தச் சிகரங்களை அரசிடம் கொடையாக ஒப்படைத்ததில்தான் இந்தத் தேசியப் பூங்காவே தொடங்குகிறது. நமக்கு நடக்க இடம் கிடைத்ததே அவர்கள் புண்ணியத்தில். அப்படியிருக்க, ஒரு சிகரத்தை விட்டுவிடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

சோடா ஊற்றுக்குப் பிறகு படிக்கட்டு. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மேலே போனதும் தெற்குப் பள்ளம். அதை எரிமலை வாய் என்று சொன்னாலும் உண்மையில் சுற்றியுள்ள மலைகளுக்கு நடுவே அமைந்த சமதளம். மூடுபனி நாளில் எதிரே நட்டிருக்கும் கம்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

சிவப்பு வாயின் விளிம்பில் நின்றால் கந்தக வாடை மூக்கில் ஏறுகிறது. பாறையிலுள்ள இரும்பு காற்றுபட்டுத் துருவேறியதுதான் அந்தச் சிவப்பு. எதிர்ச் சுவரில் குழாய் போல ஒன்று தெரியும். உருகிய குழம்பு மேலேறி வந்த வழி அது. ஓரம் மட்டும் இறுகிவிட, நடுவிலிருந்தது வடிந்து போய் வெறும் கூடு மிச்சம். ஆவி வரும் இடத்தருகே மண்ணில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரிகிறது. குளிரில் விறைத்த கைக்கு அது எவ்வளவு இதம் என்று சொல்லத் தெரியவில்லை.

அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். எழுபது வயதுக்குக் குறையாது. இரண்டு ஊன்றுகோல், கணுக்காலைச் சுற்றித் துணி உறை. மரகத ஏரிகளை நோக்கி இறங்கும் அந்தச் சரளைச் சரிவின் மேல் முனையில் நாங்கள் ஒரு கூட்டம் தயங்கி நிற்கிறோம். ஒரு பையன் உட்கார்ந்தே வழுக்கிக்கொண்டு போகிறான். பின்னோக்கிச் சாய்ந்து போன இன்னொருவர் தடாலென்று விழுந்தார். அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்து, "சாயாதே, குதிகாலை ஊன்று, சறுக்குவதை எதிர்க்காதே" என்று சொல்லிவிட்டு இறங்கினார். குதிகால் பதியும், சரளை அரை அடி நகரும், நிற்கும், அடுத்த கால். நாலே நிமிடத்தில் கீழே போய்விட்டார். நாங்கள் அவர் கால் பதிந்த தடத்திலேயே இறங்கினோம். கீழே வந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு பிடி செம்மண் பொடிக்கல். அவர் ஷூவில் ஒன்றுமில்லை, அந்தத் துணி உறைதான் காரணம். போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

ஏரிகள்? படத்தில் பார்த்த அதே பச்சைதான். சிவப்பு வாயின் பக்கமிருந்து கரைந்து வரும் தாதுக்கள் தரும் நிறம். தண்ணீர் அமிலம், குடிக்க முடியாது. வழியில் வேறெங்கும் நல்ல தண்ணீர் கிடைக்காது. தேவையானது முழுவதையும் சுமந்தே போக வேண்டும்.

*

நானும் அங்கே போனவன்; மேலே எழுதியவர் இறக்கம் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் என்னைக் கேட்டால் காற்றுதான் முதல் எதிரி. நாங்கள் பதிவு செய்திருந்த நாளுக்கு முந்தின மாலையே, நடப்பவர்களைப் பாதைக்குக் கொண்டுபோய் விடும் ஷட்டில் வண்டிக்காரர் அழைத்து, "நாளை மேலே காற்று மோசம், வண்டி எடுக்க மாட்டோம்" என்றார். விடுதியில் வானம் பளிச்சென்றிருந்தது. கூட இருந்தவர்களுக்குக் கோபம். சொந்தக் காரில் போய்விடலாம் என்று ஒருவர் கிளம்பியே விட்டார். சீசனில் மங்காடெபோபோவில் நாலு மணி நேரத்துக்கு மேல் காரை விடக்கூடாது என்று தெரிந்ததும்தான் அடங்கினார்.

வேறு வழியில்லாமல் ஃபாகபாபா கிராமத்திலிருந்து டாரனாகி அருவிக்கு நடந்தோம். இரண்டு மணி நேரச் சுற்று. ருவாபேஹு எரிமலையிலிருந்து 15,000 ஆண்டுகளுக்கு முன் வழிந்த லாவாவின் விளிம்பிலிருந்து 20 மீட்டர் கீழே விழுகிறது தண்ணீர். அங்கே ஒரு ஜெர்மன் ஜோடியைச் சந்தித்தோம். முதல் நாள் கிராஸிங் போய், சிவப்பு வாய்க்குக் கீழே முகட்டில் காற்று தாங்காமல் தவழ்ந்து திரும்பியவர்கள். அந்தப் பெண் உள்ளங்கையைக் காட்டினார், பாறை கிழித்த கோடு கோடாக. எங்கள் கூட்டத்தின் கோபம் அதோடு போயிற்று.

மறுநாள் போனோம், காற்றே இல்லை. நீல ஏரிக் கரையில் ஒருவர் சாண்ட்விச்சைப் பிரிக்க, மாவோரி வழிகாட்டி ஒருவர் பக்கத்தில் போய் மெல்ல ஏதோ சொன்னார். அவர் உடனே மடித்து வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போனார். அந்த ஏரி புனிதமானது. அதன் ஓரத்தில் சாப்பிடக் கூடாது, தண்ணீரைத் தொடவும் கூடாது. பசித்தால் ஏரிக்கு முன்னே வரும் மத்தியப் பள்ளத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

*

மேலே இருவர் எழுதிவிட்டார்கள்; மூன்றாவதாக நான் சொல்ல வருவது பாதையின் கடைசிப் பகுதியை மட்டும். நீல ஏரி தாண்டியதும் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடும். டௌபோ ஏரி கண்ணுக்கெட்டிய தூரத்தில் விரிந்து கிடக்க, புல் சரிவில் பாதை வளைந்து வளைந்து இறங்கும். உண்மையில் எச்சரிக்கைப் பலகைகள் அதிகமாக இருப்பது இங்கேதான்.

வலப்பக்கம் தெரியும் டெ மாரி எரிமலை வாய்கள் 2012 ஆகஸ்ட் 6 நள்ளிரவுக்குச் சற்று முன் வெடித்தன. அப்போது இருந்த கெட்டேடாஹி குடிலின் கூரையைப் பாறை துளைத்தது. அதே ஆண்டு நவம்பர் 21 பட்டப்பகலில் மறுபடி வெடித்தது. பாதையில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட நிறைய பேர் நடந்துகொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போனபோது எனக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் ஆபத்துப் பகுதிப் பலகையின் கீழேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே வந்த வனக்காவலர் திட்டவில்லை. பலகையில் ஒரு வரியை விரலால் காட்டிவிட்டு, அவர்கள் எழும்வரை நின்றார்.

கீழே காட்டுக்குள் ஓடை ஓரமாக இன்னொரு பகுதி வரும். மலையிலிருந்து சேறும் கல்லுமாக வெள்ளம் பாயக்கூடிய இடம், நிற்காமல் நடக்கச் சொல்லியிருப்பார்கள். நிழல், ஓடைச் சத்தம், கால் வலி எல்லாம் சேர்ந்து உட்காரச் சொல்லும். அந்தத் துண்டைத் தாண்டிவிட்டு உட்காருங்கள்.

அப்புறம், கடைசி ஷட்டில் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே முதலில் எழுதியவர் சொன்ன முழங்கால் விஷயம் உண்மை என்பதால், கடைசி ஆறு கிலோமீட்டருக்கு நீங்கள் போட்ட கணக்கைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.