சேசிஸின் பின்பக்கம் 32 கேபிள், விசிறியைக் கழற்றவே முடியவில்லை

கொக்குவில்காரன்:
யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ஆய்வுகூடத்தில் கிளஸ்டர் (சேர்ந்து கணிக்கிற பல கணினிகள்) ஓட்டுகிறோம். பழைய எச்.பி. சி7000 சேசிஸ் (பெட்டி), அதற்குள் 16 அரை உயர பிளேட்டுகள் (தட்டையான சேர்வர் கணினிகள்). பின்னால் இரண்டு 1 கிகாபிட் பாஸ்-த்ரூ மொடியூல் (ஒவ்வொரு பிளேட்டின் இணைப்பையும் தனித்தனியாக அப்படியே வெளியே தருவது), ஒன்றுக்கு 16 போர்ட். முதலாவது மேலாண்மைக்கு, மற்றது கணிப்புக்கு, ஆக 32 கேபிளும் றாக்கின் அடியில் இருக்கிற சுவிச்சுகளுக்கு இறங்குகிறது. நேற்று கீழ்வரிசை விசிறி ஒன்று நின்றுவிட்டது. கழற்றப் போனால் கேபிள் கற்றை குறுக்கே நிற்கிறது, ஆறு கேபிளைப் பிடுங்கித்தான் எடுத்தோம், ஓடிக்கொண்டிருந்த கணிப்பும் அதோடு போய்விட்டது. திரும்பக் குத்தும்போது இரண்டு மாறிப்போய், எது எங்கே போகிறது என்று பிடிக்க இரவு 11 மணி. சுவிச் மொடியூலுக்கு மாறலாமா? வேகம் குறையுமா?

வடலி:
ஓம் தம்பி, கெதியாக மாறுங்கோ. பாஸ்-த்ரூவில் பக்கத்துப் பிளேட்டோடு பேசுவதற்கும் வெளிச் சுவிச் வரை போய்த் திரும்ப வேண்டும். சுவிச் மொடியூல் போட்டால் அது சேசிஸுக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே வருவது அப்லிங்க் (சேசிஸை வெளி வலையோடு இணைக்கிற கேபிள்) மட்டும். பிளேட்டின் முதல் போர்ட் 1ஆம் பேக்கும் (பே என்றால் பின்னால் மொடியூல் செருகுகிற இடம்) இரண்டாவது 2ஆம் பேக்கும் உள்ளேயே நிரந்தரமாகப் போவதால் மாற்றிக் குத்தவும் வழியில்லை. வேகம் என்றால், 16 பிளேட்டும் சேர்ந்து 16 கிகாபிட், நான்கு 1 கிகா அப்லிங்க் மட்டும் விட்டால் 4:1, அதாவது வெளியே போகும் பாதை தேவையில் கால்வாசிதான். இரண்டு 10 கிகா அப்லிங்க் உள்ள மொடியூலாக எடுத்தால் எல்லாம் ஒரே நேரம் வெளியே பேசினாலும் காணும். அப்லிங்குகளை எல்ஏசிபி (பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்க்கிற முறை) போட்டுச் சேர்த்துவிடுங்கோ, ஆனால் லூப்பைத் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீயை மட்டும் நிறுத்திவிடாதேங்கோ, ஒரு கேபிளைத் தவறிக் குத்தி லூப் (தரவு சுற்றிச் சுற்றி ஓடுகிற வளையம்) வந்தால் முழு வலையும் விழுந்துவிடும்.

சுன்னாகம் அக்கா:
ஸ்ரோறேஜ் (கோப்புகளைச் சேமிக்கிற கருவி) எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கோ. அது வெளியே இருந்தால் எல்லாப் பிளேட்டும் ஒரே நேரத்தில் கோப்பு எழுதுகிற கட்டத்தில் அடிபடுவது அப்லிங்க்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். றாக்குக்குள் 10 கிகாவுக்கு 2, 3 மீற்றர் டிஏசி கேபிள் (இரண்டு முனையிலும் செருகி பொருத்தியே வருகிற செம்புக் கேபிள்) நல்லது. ஆர்ஜே45 (வழக்கமான நெட்வேர்க் கேபிள் செருகி) தான் என்றால் கற் 6ஏ வகைக் கேபிள் எடுங்கோ, சாதாரண கற் 6ஐ 10 கிகாவுக்கு 55 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. மலிவுக் கேபிளில் ஒரு முனையைச் சீவிப் பாருங்கோ, உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். எங்களுக்கு அப்படி ஒரு பெட்டி வந்தது, 1 கிகாவில் ஏற வேண்டியது அடிக்கடி 100க்கு விழும்.
அப்புறம் லேபல். சூடான காற்று முழுக்கப் பின்பக்கம்தான் அடிக்கிறது, செலோரேப்பில் ஒட்டிய கடதாசி இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். கேபிளைச் சுற்றி ஒட்டுகிற பிளாஸ்ரிக் லேபல் வாங்கி இரண்டு முனையிலும் ஒட்டுங்கோ.

கொக்குவில்காரன்:
ஸ்ரோறேஜ் வெளியேதான் அக்கா. அப்ப இரண்டு 10 கிகா அப்லிங்க், டிஏசி. கேபிளைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வெல்க்ரோவால் கட்டினால் விசிறி மறையாதுதானே?

வடலி:
மறையாது. முதலில் பக்கத்துக்கு எடுத்து, பிறகு கீழே இறக்குங்கோ. கட்டியபின் விசிறி ஒன்றை இழுத்துப் பாருங்கோ, தடையில்லாமல் வந்தால் சரி.