பொருள்: அனாபிலாக்சிஸ் ரெஜிஸ்ட்ரி – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

அனாபிலாக்சிஸ் என்பது உடம்பைச் சட்டெனத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை; அப்படி வந்தவற்றைத் தொகுத்து வைப்பது ரெஜிஸ்ட்ரி. பென்னாகரம் பக்கத்துச் செவிலியர்களுக்கான கையேடு இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ஐயா முன்வைத்த 'ஒவ்வாமை அதிர்ச்சி நோயாளர் பதிவேடு' என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

'அதிர்ச்சி' என்றால் இரத்த அழுத்தம் இறங்கிய நிலை என்றுதான் செவிலியர்கள் படித்திருக்கிறார்கள். அனாபிலாக்சிசுக்கு அது கட்டாயமில்லை. கதண்டு கொட்டியவருக்கு உடம்பெங்கும் தடிப்பு, கூடவே மூச்சிரைப்பு என்றால் அதுவே போதும். பி.பி. சரியாக இருந்தாலும் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் போட்டாக வேண்டும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வருகிற ரியாக்‌ஷனுக்கும் அப்படித்தான். பெயரை நம்பி, பி.பி. இறங்கட்டும் என்று ஒருவர் காத்திருந்தால் உயிர் போய்விடும். 'கடும் ஒவ்வாமை'யும் சரிப்படாது. தோல் மட்டும் மோசமாகத் தடித்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். 1902இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள் ரிஷேவும் போர்ட்டியேவும் வைத்த கிரேக்கப் பெயரைப் பிரித்து (அனா – எதிர், பிலாக்சிஸ் – காப்பு) 'காப்பெதிர்' என்றால் யாருக்கும் விளங்காது. 'பேரொவ்வாமை' என்போம்.

அடுத்து 'நோயாளர் பதிவேடு'. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் ஓ.பி. நோட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2007 முதல் நடக்கும் ஐரோப்பிய அனாபிலாக்சிஸ் பதிவு வேறு வகை. பல நாட்டு ஒவ்வாமை மையங்கள் ஒரே வினாப்படிவத்தை இணையத்தில் நிரப்புகின்றன: எதனால் வந்தது, எந்தெந்த உறுப்பைத் தாக்கியது, என்ன மருந்து கொடுத்தார்கள். கேள்வி எல்லாம் நடந்ததைப் பற்றியே. அட்ரினலின் போட வேண்டிய பலருக்குப் போடப்படவே இல்லை என்பது இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்தான் தெரியவந்தது. ஆகவே 'பேரொவ்வாமை நிகழ்வுப் பதிவகம்' என்பது என் முன்மொழிவு.

– தருமபுரியிலிருந்து

*

வணக்கம் அம்மா,

'பேரொவ்வாமை', 'நிகழ்வு' இரண்டுக்கும் முழுச் சம்மதம். 'பதிவகம்' வேண்டாம், எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பத்திரப்பதிவு என்று நினைத்துவிடுவார்கள். 'புற்றுநோய்ப் பதிவேடு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, 'பதிவேடு' என்றே முடிப்போம்.

ஆனால் கையேட்டில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். 1982 முதல் சென்னையில் நடக்கும் புற்றுநோய்ப் பதிவேடு ஒரு குறிப்பிட்ட பகுதியின் மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடுவது. லட்சம் பேரில் எத்தனை பேருக்கு என்று அதிலிருந்து சொல்ல முடியும். பேரொவ்வாமைப் பதிவேட்டில் மையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அஞ்செட்டி மலையில் கொட்டுப்பட்டு, வழியிலேயே இறந்தவர் அதில் வரமாட்டார். அந்த எண்ணைப் பார்த்து 'நம் மாவட்டத்தில் இது குறைவு' என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

பல நாடுகளுக்கானது என்றால் முன்னால் 'பன்னாட்டு' சேர்த்தால் போதும். படிவத்தின் முதல் கட்டத்தில் வரும் 'ட்ரிக்கர்' என்பதற்குத் 'தூண்டி' எனலாமா? உணவு, மருந்து, கொடுக்குப் பூச்சி மூன்றுக்கும் பொருந்துகிறது. செவிலியர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.

– கிருஷ்ணகிரியிலிருந்து